கெண்டைக்காலில் தொடங்கிய நோய்: கத்தயாமா வயல்களின் கதை

தோல் டாக்டர்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் நோயைச் சொல்வதில்லை, இடத்தைக் காட்டுவார்கள். "இங்கதான் சார் அரிக்குது" என்று வேட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த இடத்தை ஒழுங்காகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் அனுபவம். ஜப்பானில் ஒரு வட்டாரமே பல தலைமுறைகளாக இப்படிக் காலைக் காட்டிக்கொண்டிருந்தது. பார்க்க வேண்டியவர்கள் வயிற்றையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படித்த நோய் வரலாறுகளில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹிரோஷிமா மாகாணத்தில், இன்றைய ஃபுகுயாமா நகரத்தை ஒட்டி, கத்தயாமா என்று ஒரு சின்னக் குன்று. சுற்றிலும் நெல் வயல். 1847-ல் அந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்த்துவந்த தைஜிரோ ஃபுஜி என்பவர் ஒரு குறிப்பு எழுதினார். வசந்தம் முடிந்து கோடை தொடங்கும் சமயம், வயல் தண்ணீரில் இறங்கும் உழவர்களின் கால்களில் சின்னச் சின்னப் பொரிகள் கிளம்புகின்றன, அரிப்பும் வலியும் தாங்க முடியவில்லை, ஏர் ஓட்டும் மாட்டுக்கும் அதே கதிதான் என்று எழுதினார். அதோடு முடியவில்லை. கொஞ்ச காலத்தில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், பிறகு கை கால் எல்லாம் குச்சியாக மெலிந்து, வயிறு மட்டும் பானை போல வீங்கி, கடைசியில் சாவு. நம் ஊர் வைத்தியர்கள் மகோதரம் என்பார்களே, அதே தோற்றம். தனக்குக் காரணம் புரியவில்லை, தெரிந்த வைத்தியர்கள் யாராவது சொல்லுங்கள் என்று கேட்டுத்தான் அந்தக் குறிப்பை அவர் எழுதினார். அந்தப் பணிவு எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஊர் மக்களிடம் வேறு ஒரு விளக்கம் இருந்தது. முன்னொரு காலத்தில் அந்த இடம் கடலாக இருந்ததாம், அரக்குப் பால் ஏற்றிவந்த கப்பல் ஒன்று அங்கே கவிழ்ந்ததாம், அந்தப் பால் இன்னும் மண்ணில் ஊறிக் கிடப்பதால்தான் கால் வெந்துபோகிறதாம். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஜப்பானிய அரக்கு மரத்தின் பால் தோலில் பட்டால் நிஜமாகவே பொரி பொரியாக எழும்பும். நம்மூர் சேங்கொட்டையும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவர்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஆக, அந்த உழவர்கள் தங்களுக்குத் தெரிந்த தோல் நோய்களில் மிக நெருக்கமான ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தொட்டதால் வந்தது, தின்றதால் வந்ததில்லை என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. பின்னால் வந்த விஞ்ஞானம் அந்த இடத்துக்கு வந்துசேர அறுபது வருடத்துக்கும் மேல் ஆயிற்று.

உடலைக் கொடுத்துவிட்டுப் போன பெண்

அதே நோய் யமனாஷி மாகாணத்தில் கோஃபு சமவெளியிலும் இருந்தது. அங்கே அதை 'வட்டார நோய்' என்றே சொன்னார்கள். 1897-ல் நகா சுகியாமா என்ற ஐம்பத்து நான்கு வயது உழவர் வீட்டுப் பெண் படுத்த படுக்கையாக இருந்தார். பார்த்த டாக்டருக்கு நோய் தெரியும், காரணம் தெரியாது. பிழைக்க மாட்டோம் என்று தெரிந்ததும், தான் செத்த பிறகு உடலை அறுத்துப் பார்த்து இந்த நோய்க்குக் காரணம் கண்டுபிடியுங்கள் என்று அவர் மே மாதக் கடைசியில் விண்ணப்பம் கொடுத்தார். ஜூன் 5-ம் தேதி இறந்தார். கிராமத்தில் பிணத்தை அறுப்பதென்றால் நினைத்தும் பார்க்காத காலம் அது. ஊரில் இருந்த பௌத்தக் கோயில் வளாகத்திலேயே பரிசோதனை நடந்தது. கல்லீரலில் எதனுடையது என்று தெரியாத முட்டைகள் கிடைத்தன. முட்டை இருந்தால் இட்டது எங்கேயோ இருந்தாக வேண்டும் அல்லவா? அந்தக் கேள்வியைத் தன் உடம்பால் எழுப்பிவிட்டுப் போனது அந்தப் பெண்தான்.

பதில் 1904-ல் வந்தது. ஒகயாமாவிலிருந்து வந்த ஃபுஜிரோ கத்சுராதா, யமனாஷியில் ஒரு டாக்டர் வீட்டுப் பூனையை அறுத்து, அதன் உறுப்புகளை எடுத்துச் சென்று தேடினார். மே மாதம் 26-ம் தேதி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அந்தத் தட்டைப்புழு கிடைத்தது. சிஸ்டோசோமா ஜப்பானிக்கம் என்று பெயர் வைத்தார். அடுத்த சில நாட்களிலேயே கியோட்டோவின் அகிரா ஃபுஜினாமி, கத்தயாமாவில் இறந்த ஒரு மனிதரின் உடலில் அதே புழுவைப் பார்த்தார். தட்டைப்புழு இனம்தான் என்றாலும் பார்க்கத் தட்டையாக இருக்காது. ஆண் புழுவின் உடல் நீளவாக்கில் மடிந்து ஒரு ஓடை மாதிரி இருக்கும், அதற்குள் மெல்லிய பெண் புழு படுத்துக்கொள்ளும். இரண்டும் வருடக்கணக்கில் அப்படியே நம் ரத்தக் குழாய்க்குள் குடித்தனம் நடத்தும். உண்மையில் உயிரை எடுப்பது புழு இல்லை, அது நாள் தவறாமல் இடும் முட்டைகள். குடலிலும் கல்லீரலிலும் சிக்கிக்கொண்ட ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் உடம்பு ஒரு சின்னக் கட்டியைக் கட்டுகிறது, அது தழும்பாகிறது, கல்லீரல் இறுகுகிறது, மண்ணீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோத்துக்கொள்கிறது.

வாயா, தோலா

புழு கிடைத்தாயிற்று, சரி. உள்ளே எப்படிப் போனது? குடலிலும் கல்லீரலிலும் இருக்கும் புழு குடிதண்ணீரில்தான் வந்திருக்கும் என்று படித்தவர்கள் பலர் நினைத்தார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, அன்றைக்குத் தெரிந்திருந்த பல குடல் நோய்கள் அப்படித்தான் வந்தன. ஆனால் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தவர்களுக்கும் நோய் வந்துகொண்டே இருந்தது. கால் அரிப்பை ஏதோ தனி விஷயம் என்று ஓரம் கட்டிவிட்டார்கள்.

1909 ஜூனில் ஃபுஜினாமியும் ஹசிதாரோ நகாமுராவும் கத்தயாமாவில் செய்த சோதனையை எந்த மருத்துவ மாணவனுக்கும் நான் சொல்லாமல் விட்டதில்லை. பதினேழு மாடுகள். ஒரு குழுவுக்கு வாயைக் கட்டி வயலில் இறக்கினார்கள், தண்ணீர் கால்களில் மட்டும் பட்டது, வாய்க்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. இன்னொரு குழுவுக்குக் கால்களில் தண்ணீர் புகாத உறை போட்டு, அந்த வயல் புல்லையும் தண்ணீரையும் தாராளமாகக் கொடுத்தார்கள். இரண்டையும் மூடியது ஒரு குழு, எதையும் மூடாதது ஒரு குழு. கால் மூடாத மாடுகளுக்குத்தான் நோய் வந்தது. வாயைக் கட்டியதால் எதுவும் பிழைக்கவில்லை, காலைக் கட்டியவை பிழைத்தன. கியோட்டோவின் தோல் பேராசிரியர் மத்சூரா அதோடும் விடவில்லை, தன் காலையே அந்த வயல் தண்ணீரில் வைத்தார். கால் சிவந்து பொரிந்தது, பின்னால் நோயும் வந்தது. என் துறையைச் சேர்ந்த ஒருவர் இதைச் செய்தார் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் கண் கலங்குகிறது.

1913-ல் கெய்னொசுகே மியாயிரியும் மினோரு சுசூகியும் கியூஷு தீவில், சாகா மாகாணத்தில், மிச்சமிருந்த கண்ணியையும் கண்டுபிடித்தார்கள். வாய்க்கால் ஓரத்து ஈர மண்ணில் ஊரும், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு நத்தை. நோயாளியின் மலத்தோடு வெளியேறும் முட்டை தண்ணீரில் பொரிந்து இந்த நத்தைக்குள் புகுகிறது, அங்கே பெருகி, வால் பிளந்த நுண்ணிய இளம்புழுக்களாக ஆயிரக்கணக்கில் வெளியே வருகிறது. மனித மலத்தை வயலுக்கு உரமாகப் போட்டுவந்த ஊர் அது. ஆக, நோயாளி, வயல், நத்தை, மறுபடி உழவன் கால் என்று ஒரு வட்டம்.

தோலில் என்ன நடக்கிறது

இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் தோல் ஒரே தடவை மட்டும் பேசுவதில்லை.

முதல் தடவை, தண்ணீரில் நின்ற அன்றே. அந்த இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தோலில் ஒட்டிக்கொண்டு, புரதத்தைக் கரைக்கும் நொதிகளை விட்டுச் சில நிமிடங்களிலேயே உள்ளே நுழைந்துவிடும், வாலை வெளியிலேயே கழற்றிப் போட்டுவிடும். சிலருக்கு அப்போதே ஊசி குத்துவது போலச் சுருக்கென்று இருக்கும். சில மணி நேரத்தில் கொசுக்கடி போன்ற சிவப்புப் புள்ளிகள், அப்புறம் அவை தனித்தனிப் பொரிகளாக உயரும், ஒன்றோடு ஒன்று சேராது. இரண்டு மூன்று நாள் அரிப்பு உச்சத்தில் இருக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கறுத்த புள்ளிகளை விட்டுவிட்டு அடங்கும். இதற்கு ஒரு கையெழுத்து உண்டு: தண்ணீர் எதுவரை நின்றதோ அதுவரைதான் பொரி. முழங்காலுக்குக் கீழே கோடு போட்டது போல நிற்கும். முதல் தடவை இறங்குகிறவருக்கு லேசாக இருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் போகலாம். திரும்பத் திரும்ப இறங்குகிறவருக்குத்தான் உடம்பு அதை அடையாளம் கண்டு சீறும். அதனால் பொரி வரவில்லை என்பதை வைத்துப் புழு புகவில்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாம் தடவை, சில வாரம் கழித்து, பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வாரத்துக்குள். இதற்குள் அந்தத் தண்ணீரையே மறந்திருப்பார்கள். திடீரென்று மாலையில் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு, கூடவே உடம்பெங்கும் காணாக்கடி மாதிரித் தடிப்புத் தடிப்பாக எழும்பி ஓரிடத்தில் அடங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். சிலருக்கு முகம் வீங்கும். இதற்குத்தான் கத்தயாமா காய்ச்சல் என்று பெயர், அந்தச் சின்னக் குன்றின் பெயர் உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் இப்படித்தான் ஏறியது. வளர்ந்துவரும் புழுவுக்கும் முதல் முட்டைகளுக்கும் எதிராக உடம்பு காட்டும் கோபம் இது. ரத்தத்தில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். மலத்தில் முட்டை பெரும்பாலும் இன்னும் தெரியாது. புழுவுக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையும் இந்தக் கட்டத்தில் பல சமயம் இல்லை என்றே சொல்லும். முடிவைப் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று அனுப்பிவிடுகிற ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது அபூர்வம். வழி தவறிய முட்டைகள் தோலுக்கு வந்து தங்கிவிட்டால், பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம், சில சமயம் தொப்புளைச் சுற்றி, தோல் நிறத்திலேயே கெட்டியான சிறு கட்டிகள் வரும், மரு என்று நினைத்து மருந்து போடுவார்கள். சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால் நடுவில் முட்டை உட்கார்ந்திருக்கும். இதை இந்தப் புழுவின் ஆப்பிரிக்க உறவுக்கார வகைகளில்தான் அதிகம் பார்த்திருக்கிறார்கள்.

மருந்து

கோஃபுவின் நோயாளிகளுக்கு முதலில் கிடைத்தது ஆன்டிமனி என்ற உலோகத்திலிருந்து செய்த மருந்து. 1918-ல் சூடானின் கார்ட்டூமில் கிறிஸ்டோஃபர்சன் என்ற டாக்டர் ஆன்டிமனி உப்பை ரத்தக் குழாயில் ஏற்றி இந்த நோய்க்குப் பலன் கண்டதாக எழுதினார், 1920-களில் ஜப்பானிலும் அதே வகை ஊசி வந்தது. புழு செத்தது உண்மை. ஆனால் ஊசி உள்ளே போகும்போதே இருமலும் வாந்தியும் வரும், மூட்டெல்லாம் வலிக்கும், இதயத் துடிப்பு தடுமாறும், அதையும் ஒரு தடவை இல்லை, பல தடவை போட்டாக வேண்டும். எகிப்தில் இதே ஆன்டிமனி ஊசியை 1980-கள் வரை ஊர் ஊராகப் போட்டார்கள், ஊசியைச் சரியாகக் கொதிக்க வைக்காமல் ஒருவருக்குப் போட்டதை அடுத்தவருக்கும் போட்டதில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நாடு முழுக்கப் பரவிவிட்டது. நோயைத் தீர்க்கப் போய் இன்னொரு நோயை ஏற்றியது, இதை எந்தத் தடுப்பு இயக்கம் நடத்துபவரும் மறக்கக் கூடாது.

1970-களில் பிரசிக்வான்டல் வந்தது, ஜெர்மனியின் பேயர், மெர்க் நிறுவனங்கள் கண்டுபிடித்த மாத்திரை. ஜப்பானிக்கம் வகைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம், ஒரே நாளில் பிரித்துக் கொடுப்பது. ஐம்பது கிலோ ஆளுக்கு 600 மில்லிகிராம் மாத்திரை ஐந்து. ஆப்பிரிக்க வகைகளில் முக்கியமான இரண்டுக்கும் கிலோவுக்கு 40. சாப்பாட்டோடு விழுங்க வேண்டும், கடித்தால் வாய் கசந்து குமட்டும். மாத்திரை பெரிது, கசப்பு அதிகம், சின்னக் குழந்தைக்குக் கொடுக்கவே முடியாது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்காகத் தனியாகச் செய்த மாத்திரைக்கு ஐரோப்பிய மருந்து அமைப்பு 2023 டிசம்பரில்தான் சாதகமான கருத்துச் சொன்னது. அவ்வளவு காலம் குழந்தைகளைக் காக்க வைத்ததை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இந்த மருந்தில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிரசிக்வான்டல் முதிர்ந்த புழுவைத்தான் நன்றாகக் கொல்லும், உடம்பில் சில வாரமே ஆன இளம்புழு தப்பித்துவிடும். கத்தயாமா காய்ச்சலோடு வருகிறவருக்கு அன்றே மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டால் போதாது, சிலருக்குத் தொந்தரவு இன்னும் கூடிவிடும். அதனால் முதலில் சில நாள் ஸ்டிராய்டு கொடுத்து உடம்பின் கொந்தளிப்பை அடக்குவது, அப்புறம் பிரசிக்வான்டல், புழு முதிர்ந்த பிறகு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை. அந்த இரண்டாவது தடவைக்குத்தான் யாரும் திரும்பி வருவதில்லை, தடிப்பு போய்விட்டதே, இனி என்ன என்று இருந்துவிடுகிறார்கள். தேதியை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும், முடிந்தால் போனிலும் கூப்பிட வேண்டும்.

தண்ணீரில் இறங்கிய அன்று வரும் முதல் பொரிக்குத் தனி வைத்தியம் பெரிதாக இல்லை. அரிப்புக்கு மாத்திரை, கேலமைன், அதிகம் என்றால் சில நாளுக்கு ஸ்டிராய்டு களிம்பு, நகத்தால் கீறிப் புண்ணாக்காமல் இருப்பது.

ஜப்பான் மருந்தை மட்டும் நம்பவில்லை. 1917-லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு வண்ணப் பட நூல் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஊர் மக்கள் குச்சியால் நத்தைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள், சுண்ணாம்பு கொட்டினார்கள், நெருப்பைக் காட்டினார்கள். பிறகு மண் வாய்க்கால்களுக்கெல்லாம் சிமெண்டு பூசினார்கள், தண்ணீர் வேகமாக ஓடினால் அந்த நத்தைக்கு ஒட்ட இடம் கிடைக்காது. யமனாஷியில் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல். பல வயல்கள் பழத்தோட்டங்களாயின, மாட்டுக்குப் பதில் இயந்திரம் வந்தது. 1996-ல் யமனாஷி ஆளுநர் நோய் முடிந்தது என்று அறிவித்தார். கியூஷு தீவில், சிக்கூகோ ஆற்றங்கரையில், குருமே ஊரில், மனிதன் பிழைப்பதற்காக அழிக்கப்பட்ட அந்த நத்தைகளுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். யமனாஷியின் சில வாய்க்கால்களில் நத்தை இன்னும் இருக்கிறது, உள்ளே புழு இல்லை. சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் நோய் இன்னும் ஓயவில்லை.

நம் வயல்

இதை ஏன் டெல்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், நடவு நேரத்தில் என்னிடம் வரும் கால்கள்தான் காரணம். எல்லாவற்றையும் சேற்றுப்புண் என்று எழுதிப் பூஞ்சைக் களிம்பு கொடுத்துக்கொண்டிருந்தேன் பல வருடம். ஒரு அம்மா இரண்டாம் முறை வந்து, "சேத்துப்புண்ணு விரலிடுக்குல வரும் தம்பி, இது தண்ணி நின்ன எடமெல்லாம் வந்துருக்கு பாரு" என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். விரலிடுக்கு சுத்தமாக இருந்தது. கணுக்காலிலிருந்து கெண்டைக்கால் பாதி வரை தனித்தனிப் பொரி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வயலுக்குப் பக்கத்துக் குட்டையில் மாடுகள் படுத்துக் கிடக்கும் என்றார்.

நம் மாடுகளுக்கும் இதே குடும்பத்துப் புழுக்கள் உண்டு. ஒரு வகை குடலைச் சுற்றிய ரத்தக் குழாயில் இருப்பது. இன்னொன்று மூக்கில் கட்டி வைத்து, மாடு குறட்டை விடுவது போல மூச்சிழுக்க வைப்பது, 1933-ல் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்துதான் அதை விவரித்து எழுதினார்கள். குட்டைகளில் இருக்கும், தட்டையாகச் சுருண்ட ஓடுள்ள நத்தைதான் இவை இடையில் தங்கி வளரும் வீடு. இந்த மாட்டுப்புழுவின் குஞ்சு தவறுதலாக மனிதத் தோலுக்குள் புகுந்தால் அங்கேயே செத்துவிடும், அரிப்பைத் தவிர வேறொன்றும் செய்யாது, கல்லீரலுக்குப் போகாது. அதற்குப் பிரசிக்வான்டல் தேவையே இல்லை. அந்த அம்மாவுக்கு வந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல என்னிடம் பரிசோதனை எதுவும் இல்லை, பொரி நின்ற இடத்தையும் குட்டையையும் வைத்து நான் வந்த முடிவு அது.

ஆனால் அதே கால் ஆப்பிரிக்க ஏரியில் குளித்துவிட்டு வந்த பிள்ளையுடையதாக இருந்தால் கதை வேறு. தான்சானியா, உகாண்டா, மலாவி என்று வேலைக்குப் போகிறவர்கள் விக்டோரியா ஏரியிலும் மலாவி ஏரியிலும் ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் வருவதில்லை. காய்ச்சலோடும் காணாக்கடியோடும் வருகிறவரிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு, கடந்த மூன்று மாதத்தில் எந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்றும் கேட்கிறேன் இப்போது. ஈயோசினோஃபில் எண்ணிக்கை பார்க்கிறேன், குளித்து மூன்று மாதம் ஆன பிறகு எதிர்ப்பொருளும், மலத்திலும் சிறுநீரிலும் முட்டையும் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த அம்மா அரிப்பு மாத்திரையையும் களிம்பையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "நாளைக்கு நடவுக்கு எறங்கலாமா?" என்று கேட்டார். நடவு விட்டால் கூலி இல்லை. ரப்பர் பூட்ஸ் நம் சேற்றில் இரண்டடி வைத்தால் உருவிக்கொள்ளும். குட்டைத் தண்ணீர் பாயாத வயலாகப் பார்த்து இறங்குங்கள், ஏறியதும் நின்று காயவிடாமல் உடனே துண்டால் அழுத்தித் துடைத்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மாட்டைக் கால்நடை டாக்டரிடம் ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள் என்றேன். மாடு அவருடையதில்லை, வயல்காரருடையது. நானே பேசுகிறேன் என்று வயல்காரர் நம்பரை வாங்கிக்கொண்டேன்.